பெங்களூர் மொட்டைமாடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று: உரத்துக்கு முன் மண்ணைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். திருநெல்வேலியிலிருந்து ராமமூர்த்தி நகருக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. அம்மா கொடுத்துவிட்ட கறிவேப்பிலைக் கன்றை மொட்டைமாடித் தொட்டியில் வைத்தீர்கள். இப்போது கொழுந்தெல்லாம் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. உரக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு இரண்டு முறை உரம் போட்டும் தேறவில்லை. "இந்த ஊர் மண் நம்ம செடிக்கு ஒத்துக்காதா அண்ணா? மண்ணை எங்கே, எப்படிச் சோதிக்கிறது?"

முதலில் உரத்தை நிறுத்துங்கள். அப்புறம் ஊர் மண்ணைத் திட்டாதீர்கள். நான் மன்னார்குடியிலிருந்து இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கறிவேப்பிலை மரம் இரண்டாம் மாடி ஜன்னலை எட்டிப் பார்க்கிறது. பெங்களூர்ச் செம்மண் இயல்பில் கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாய்ந்தது. பி.எச். அளவில் 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். கறிவேப்பிலைக்கு 6-லிருந்து 7 வரை சுகம். ஆக, ஊர் மண்ணுக்கும் செடிக்கும் பகை இல்லை.

சரி, உங்கள் தொட்டி மண் எங்கிருந்து வந்தது? இங்கே பாதித் தெருக்களில் எப்போதும் ஏதாவது கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கும். அந்த இடங்களில் அள்ளிய மண்ணும் மூட்டையில் வரும். கையில் எடுத்து உதிர்த்தால் சாம்பல் நிறத்தில் சிமெண்டுக் கட்டிகள் தட்டுப்படும். சிமெண்டு என்றால் சுண்ணாம்புதான். அதன் மேல் தினமும் போர்வெல் தண்ணீரோ லாரித் தண்ணீரோ ஊற்றுகிறீர்கள். பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் தொட்டியிலும் படிகிறது. இரண்டும் சேர்ந்து பி.எச். 8-ஐத் தொட்டுவிட்டால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இலை போட்டுப் பரிமாறிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தவன் கையைப் பின்னால் கட்டின மாதிரி. நீங்கள் போட்ட உரமெல்லாம் இலையில் இன்னொரு கரண்டி சாதம், அவ்வளவுதான்.

செடியே கொஞ்சம் சொல்லும். புதுக் கொழுந்தில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் பெரும்பாலும் இரும்புக் குறை. அதே மாதிரி அடி இலைகளில் வந்தால் மக்னீசியம். அடி இலை நரம்போடு சேர்ந்து முழுக்க வெளுத்தால் தழைச்சத்து (நைட்ரஜன்). இது ஊகம்தான், சோதித்தால்தான் உறுதி.

வீட்டிலேயே பி.எச். பார்க்கலாம். தொட்டியின் ஓரத்தில் மூன்று நான்கு இடத்தில், மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு அரை ஜாண் ஆழத்திலிருந்து எடுங்கள். செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்தி, கல், வேர் நீக்கிப் பொடித்துச் சலியுங்கள். 20 கிராம் மண்ணுக்கு 50 மில்லி தண்ணீர். அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கிவிட்டுத் தெளிய விடுங்கள். தெளிந்த நீரில் பி.எச். தாளை நனைத்து நிறம் பாருங்கள். தாள் போதும். பேனா மாதிரி டிஜிட்டல் கருவி வாங்கினால், கூடவே வரும் 4, 7 பொடிகளைக் கரைத்து முதலில் அளவு சரிசெய்ய வேண்டும். மண்ணில் நேராகக் குத்தும் இரண்டு கம்பிக் கருவி மட்டும் வேண்டாம். நான் வாங்கியது எலுமிச்சைச் சாற்றிலும் 7 காட்டியது.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் ஏமாந்தேன். முதல் தடவை குழாயில் வந்த போர்வெல் தண்ணீரிலேயே கலக்கினேன். தாள் 8-க்கு மேல் காட்டியது. அது தண்ணீரின் எண் என்று புரியாமல் மண்ணின் எண் என்று நம்பினேன். உடனே கந்தகத்தூள் ஒரு கைப்பிடி போட்டேன். பதினைந்து நாள் கழித்தும் மாற்றம் தெரியவில்லை என்று இன்னொரு கைப்பிடி. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தைத் தின்று அமிலமாக்க வாரக்கணக்கில் ஆகும் என்பது அப்போது தெரியாது. மூன்று மாதம் கழித்து மண் 4.5-க்கு இறங்கி, இலையெல்லாம் கொட்டி, குச்சிதான் நின்றது. அதனால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைத் தனியாக ஒரு தாளில் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

தாள் இல்லாத அவசரத்துக்கு, உலர்ந்த மண் ஒரு ஸ்பூனில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

சத்துகளை அளக்க வீட்டு வைத்தியம் போதாது. கலர் மாறும் கிட் எல்லாம் குறைவு, நடுத்தரம், அதிகம் என்பதோடு நின்றுவிடும். பெல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. இருக்கிறது, பெங்களூர் வேளாண் பல்கலைக்கழக வளாகம். மண் பரிசோதனைக்கு அங்கே கேட்கலாம். கட்டணம், நேரம் எல்லாம் போன் செய்து விசாரித்துவிட்டுப் போங்கள். அரைக் கிலோ உலர்ந்த மண் கேட்பார்கள். ஒரு தொட்டியில் அவ்வளவு எடுத்தால் செடி தாங்காது. ஒரே மூட்டை மண் போட்ட தொட்டிகளிலிருந்தும், மீதி மூட்டையிலிருந்தும் சேர்த்து எடுங்கள். துருப்பிடித்த கரண்டி, தகர வாளி வேண்டாம், அதிலிருந்து இரும்பும் துத்தநாகமும் மண்ணில் கலந்துவிடும். துணிப்பையில் கட்டி, கறிவேப்பிலைக்கு என்று சீட்டில் எழுதி வையுங்கள். 'கரிபேவு' என்றால் இங்கே உடனே புரியும்.

அறிக்கை கன்னடத்தில் வந்தால் மிரள வேண்டாம். 'ரசசார' என்றால் பி.எச். 'சாரஜனக' தழைச்சத்து, 'ரஞ்சக' மணிச்சத்து (பாஸ்பரஸ்), 'கப்பிண' இரும்பு. 'ஸது' என்று ஒன்று இருக்கும். நான் முதலில் அதை நம்ம 'சத்து' என்று படித்துவிட்டு, எந்தச் சத்து என்று போட மறந்துவிட்டார்களே என்று நினைத்தேன். அது துத்தநாகம்! தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு. கரிமம், அதாவது மண்ணில் மக்கிய பொருளின் அளவைக் காட்டும் கார்பன், 0.5 சதவீதத்துக்குக் கீழே போனால் தொழு உரம் போட வேண்டும், கன்னடத்தில் கேட்பதானால் 'கொப்பர'. இரும்பு 4.5 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் 4.5 பங்கு) கீழே என்றால்தான் உண்மையான பற்றாக்குறை. அதற்கு மேல் இருந்தும் கொழுந்து மஞ்சளாக வந்தால், குற்றவாளி பி.எச்.தான்.

அப்படித்தான் என்று தெரிந்தால், சிமெண்டு கலந்த மண்ணைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். பாதி மண்ணையாவது மாற்றி, சுத்தமான செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து வையுங்கள். அதுவரை செடி தாங்க, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அந்த இலைகளைக் கழுவாமல் குழம்பில் போடாதீர்கள். அம்மா புளித்த மோர் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் சிமெண்டை மோரால் ஜெயிக்க முடியாது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் அதுவே பெரிய மருந்து.

இன்னொன்று, இது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். டிசம்பர், ஜனவரியில் கறிவேப்பிலை தூங்கும். பழைய இலை சில கொட்டும், புதுத் துளிர் வராது. திருநெல்வேலி வெயிலில் துளிர்த்த வேகத்தை அந்த இரண்டு மாதத்தில் எதிர்பார்த்துப் பதறாதீர்கள், தண்ணீரையும் குறையுங்கள்.

மஞ்சளான இலை முழுசாகப் பச்சைக்குத் திரும்புவது அபூர்வம், அதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அடுத்து வரும் இரண்டு கொழுந்து என்ன நிறத்தில் விரிகிறது என்று பாருங்கள். தாளில் என்ன எண் வந்தது, மண்ணுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, இரண்டையும் எழுதுங்கள். அதைப் பார்த்துக் கந்தகம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன்.