கடலில் நீந்தும் மீனுக்குக் கரையில் ஒரு சந்தை

ஐஸ்லாந்தின் மீன்பிடி கோட்டா பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோட்டாவை வாங்குபவர் கையில் உண்மையில் என்ன இருக்கிறது?

நாட்டின் மொத்தப் பிடிப்பில் இத்தனை சதவீதம் என்ற ஒரு பங்கு. அங்கே செப்டம்பர் 1-ஆம் தேதி மீன்பிடி ஆண்டு பிறக்கும். காட் என்ற குளிர்கடல் மீனை அந்த ஆண்டு எத்தனை டன் பிடிக்கலாம் என்று, கடல் ஆய்வு நிறுவனத்தின் ஆலோசனையைக் கேட்டு அரசு அறிவிக்கும். மொத்தம் 2 லட்சம் டன் என்று வையுங்கள். 1 சதவீதப் பங்குள்ள படகுக்குச் சுமார் 2,000 டன் வரும். மீன்வளம் குறைந்தால் எல்லோருக்கும் அதே விகிதத்தில் குறையும். இந்தப் பங்கை நிரந்தரமாக விற்கலாம், அல்லது அந்த ஒரு வருட அளவை மட்டும் குத்தகைக்கு விடலாம். 1990-இல் வந்த சட்டம்தான் இதைத் தாராளமாக்கியது.

கோட்டா வந்தால் மீன் விலை ஏறுமா?

மீனவர் கைக்கு வரும் விலை ஏறலாம். பிடிப்பு குறைவதால்தான் ஏற வேண்டும் என்பதில்லை. இதற்கு அமெரிக்காவின் அலாஸ்காவில் பிடிக்கும் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனைத்தான் எப்போதும் காட்டுவேன். 1994 வரை அங்கே பல பகுதிகளில் வருடத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் பிடிக்க அனுமதி, அதுவும் 24 மணி நேரத் தவணைகளாக. புயல் அடித்தாலும் அன்றைக்கே போயாக வேண்டும். விட்டால் அந்த வருடப் பிழைப்பு போச்சு. எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கரைக்குத் திரும்பும், இறக்க இடம் இருக்காது, மீன் காத்துக்கிடக்கும். பெரும்பகுதி உறைபெட்டிக்குத்தான் போகும். 1995-இல் தனிநபர் கோட்டா வந்ததும் பருவம் ஏறக்குறைய எட்டு மாதமாக நீண்டது. வாரம் கொஞ்சமாகப் பிடித்துப் புது மீனாகவே விற்றார்கள், நல்ல விலையும் கிடைத்தது. ஒரே நாளில் குவியும் மீனை நம்பிப் பெரிய உறைநிலையம் கட்டியிருந்தவர்களுக்கு அடி விழுந்தது. உயிரைப் பணயம் வைத்த அந்த ஓட்டம் நின்றதை நான் பெரிய நன்மையாகவே நினைக்கிறேன்.

குத்தகைக்கு எடுத்துப் பிடிப்பவருக்கு என்ன மிஞ்சும்?

கணக்குக்காகச் சொல்கிறேன்: ஏலத்தில் கிலோ 400 ரூபாய், குத்தகை 250. மீதி 150-இல் டீசல், ஐஸ், இரை, ஆட்களின் பங்கு எல்லாம் அடங்க வேண்டும். வலை தொடாதவருக்கு 250, அலையில் நின்றவருக்கு அந்த மிச்சம். ஐஸ்லாந்தில் ஆட்களுக்குக் கூலி மீன்பாட்டில் பங்காகத்தான் வரும். சில முதலாளிகள் கோட்டா வாங்கிய செலவை அந்தப் பங்கிலேயே கழித்தார்கள். அதனால்தான் தொண்ணூறுகளில் மீனவர்கள் பலமுறை வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்.

ஒதுக்கிய அளவைத் தாண்டிப் பிடித்துவிட்டால்?

கரையில் எடைபோட்டுப் பதிவு செய்வார்கள். யாரிடமாவது கோட்டா வாங்கிச் சரிக்கட்டலாம். சிறு மீறல் என்றால் அடுத்த வருடக் கணக்கில் கழியும். கடலிலேயே கொட்டிவிட்டு வருவது குற்றம்.

ஒரு ஊரே கோட்டாவை இழந்துவிடும் என்கிறார்களே?

நடந்திருக்கிறது. ஐஸ்லாந்தின் மேற்கு ஃபியோர்டு (நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்) பகுதியில் ஃப்ளாட்டேரி என்று ஒரு சிற்றூர். 2007-இல் அங்கிருந்த முக்கிய மீன் நிறுவனம் கோட்டாவை விற்றது. மீன் அதே கடலில்தான் இருந்தது. அதைப் பிடிக்கும் உரிமை மட்டும் ஊரைவிட்டுப் போனது. மீன் வெட்டும் மேசைகளில் நின்றவர்களுக்கு அந்த விற்பனையில் ஒரு காசும் உரிமையில்லை, ஏனென்றால் பங்கு படகின் பெயரில் இருந்தது. ஒரு நிறுவனம் மொத்தத்தில் 12 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த வரம்பு எந்த ஊரையும் காப்பாற்றாது. 2009-இல் ஒரு சிறு வாசல் திறந்தார்கள்: மே முதல் ஆகஸ்ட் வரை, சிறு படகில் தூண்டில் போட்டு, நாளொன்றுக்கு இவ்வளவு என்று கோட்டா இல்லாமலே பிடிக்கலாம்.

முதன்முதலில் யாருக்கு, என்ன விலைக்குக் கொடுத்தார்கள்?

இலவசமாகத்தான். 1984-இல் கோட்டா தொடங்கியபோது, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் யார் எவ்வளவு பிடித்தார்களோ, அந்தக் கணக்கில் படகு முதலாளிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு தொழிலுக்கு வந்த இளைஞர் அதையே பெரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. விற்கலாம் என்ற விதியைவிட இந்த முதல் பங்கீடுதான் பெரிய தவறு என்பது என் கருத்து. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரிவே மீன்வளம் நாட்டு மக்களின் பொதுச்சொத்து என்கிறது. இரண்டு மீனவர்கள் கொண்டுபோன வழக்கில், இந்தப் பாகுபாடு நியாயமற்றது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2007-இல் சொன்னது. மீன்பிடிக் கட்டணம் என்று ஒன்றை அரசு வசூலிக்கத் தொடங்கியதே 2004-இல்தான். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்ற சண்டை அதன் பிறகும் ஓயவில்லை.