டிராக்டர் ஏறிய காலடித்தடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். கொலையாளி பிடிபடமாட்டான் என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன். ஆனாலும் கடைசிவரை பதற்றம் குறையவில்லை. உண்மைச் சம்பவம் என்பதால்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது மட்டும் போதாது. தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர் கொலைகளைச் செய்தவன் யாரென்று 2003இல் படம் வெளிவந்தபோது எவருக்கும் தெரியாது. ஆகவே ‘யார்’ என்ற கேள்வியை நம்பி இயக்குநர் படமெடுத்திருக்கவே முடியாது. தடயம் எவ்வளவு எளிதில் அழிந்துபோகும் என்பதைத்தான் அவர் நம்பினார்.

வயல்வெளியில் சடலம் கிடக்கும் காட்சியை மறுபடி பாருங்கள். மண்பாதையில் பதிந்திருக்கும் ஒற்றைக் காலடித்தடத்தைக் காப்பாற்ற போலீஸ் அதிகாரி பார்க் தொண்டை கிழியக் கத்துகிறார். சிறுவர்கள் குறுக்கே ஓடுகிறார்கள், ஊரே கூடி வேடிக்கை பார்க்கிறது, மேலதிகாரிகள் சரிவில் வழுக்கி விழுகிறார்கள். இத்தனையையும் கேமரா வெட்டே இல்லாத ஒரே நீண்ட ஷாட்டில் அவர் பின்னாலேயே போய்க் காட்டிக்கொண்டிருக்க, ஒரு டிராக்டர் வந்து அந்தத் தடத்தின்மேல் ஏறிப் போய்விடுகிறது. தடத்தை ஒருமுறை, சக்கரத்தை ஒருமுறை என்று நெருக்கத்தில் வெட்டிக் காட்டியிருந்தால் இயக்குநரின் கை தெரிந்திருக்கும். இங்கே அந்தக் கூட்டத்தில் ஒருவராக நாமும் நிற்கிறோம், தடுக்க முடியவில்லை. படத்தின் நம்பகத்தன்மையும் பதற்றமும் எனக்கு இங்கே ஒன்றாகவே தெரிகின்றன.

இன்னொரு கொலை நடக்கும் இரவில் பாதுகாப்புக்குப் படை கேட்கிறார்கள். ஆர்ப்பாட்டத்தை அடக்க எல்லோரும் போய்விட்டதாகப் பதில் வருகிறது. சர்வாதிகார ஆட்சி நடத்தும் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகைக்காக ஊரே விளக்கணைத்துக் கதவடைத்துக்கொள்கிறது. அந்த இருட்டே பயமுறுத்தப் போதும்.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியவை விசாரணை அறைக் காட்சிகள்தான். அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்கும்போது, கொலையாளி தப்பிவிடுவானோ என்ற பயத்தோடு, நிரபராதி மாட்டிக்கொள்வானோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நம்மை இழுப்பதால்தான் இருக்கையில் நிம்மதியாகச் சாய முடிவதில்லை.

இது திரைக்கதைக்காகச் சேர்த்த மசாலா அன்று. 2019இல் மரபணுச் சோதனை உண்மைக் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது. வேறொரு கொலைக்காக அவன் ஏற்கெனவே சிறையில் இருந்தான். அந்தத் தொடரில் ஒரு கொலையைச் செய்ததாக வாக்குமூலம் வாங்கப்பட்டுச் சுமார் இருபது ஆண்டுகள் சிறையிலிருந்த இன்னொரு மனிதரை, 2020 டிசம்பரில்தான் நீதிமன்றம் குற்றமற்றவர் என்று அறிவித்தது.