தனிப்பிரிவு ஓர் ஒதுக்குப்புறம் ஆகாமல் இருக்க: மாணவர் குறும்படத் திரையிடலுக்கு ஆலோசனை

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத் திரைப்பட விழாவில், வாய்ப்புக் குறைந்த பின்னணிகளிலிருந்து வரும் மாணவ இயக்குநர்களின் குறும்படங்களுக்கு 90 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 60 படங்கள் வரை வரலாம். சென்ற முறை மதியம் 2 மணிக்குப் போட்டோம். படம் எடுத்தவர்களின் நண்பர்கள் மட்டும்தான் வந்தார்கள். ஒரு படத்தில் இசை கேட்டது, வசனம் கேட்கவில்லை. இன்னொன்றில் சப்டைட்டில் எழுத்துகள் சிதைந்துபோயின. இந்த முறை எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில்: மூன்றில் பெரிய கோளாறு மதியம் 2 மணிதான். மற்ற இரண்டும் ஒரு மாலை உட்கார்ந்து சரிபார்த்தால் தீர்ந்துவிடும். வகுப்பு நடக்கும் நேரத்தில், பிரதான அரங்குக்கு வெளியே, ‘சிறப்புப் பிரிவு’ என்று பெயர் வைத்துப் போடும் திரையிடல் எவ்வளவு நல்லெண்ணத்தோடு நடந்தாலும் ஒதுக்குப்புறம்தான். விழாக் குழுவிடம் கூடுதல் நிமிடம் கேட்காதீர்கள். நல்ல நேரம் கேளுங்கள். முதல் நாள் மாலை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், 10 நிமிடத்துக்கு உட்பட்ட சில படங்களை எடுத்து, கூட்டம் வரும் முழுநீளப் படங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். பெரிய படத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள் குறும்படத்தையும் பார்த்துவிடுவார்கள். மீதிப் படங்களைத் தொகுப்பாக வைத்துக்கொள்ளலாம்.

யாருடைய படம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

அழைப்பு விடும் முன் ஒன்றைத் தெளிவாக எழுதி வையுங்கள்: ஒரு சமூகத்தைப் பற்றிய படமா, அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் எடுத்த படமா? இரண்டையும் குழப்பினால், வெளியிலிருந்து போய் இரக்கத்தோடு எடுத்த படங்கள் பட்டியலை நிரப்பிவிடும். 2014-இல் இங்கிலாந்தின் பாத் நகரத் திரைப்பட விழாவில் தொடங்கிய ‘எஃப்-ரேட்டிங்’ முறை இதைப் பிரித்தே கேட்கிறது: இயக்கியவர் பெண்ணா, எழுதியவர் பெண்ணா, திரையில் முக்கியப் பாத்திரம் பெண்ணா. உங்கள் பிரிவுக்கு, இயக்குநர் அல்லது எழுத்தாளர் அந்தப் பின்னணியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். கதை எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கட்டும். பேய்ப் படமோ நகைச்சுவையோ எடுத்த மாணவியிடம் ‘உங்கள் வலியைச் சொல்லும் படம் இல்லையா’ என்று கேட்கும் பிரிவாக இது மாறிவிடக் கூடாது.

பின்னணிக்குச் சான்றிதழ் கேட்காதீர்கள். அவரே சொல்வது போதும். ஆனால் படிவத்தில் இரண்டு கேள்விகள் தனித்தனியாக இருக்க வேண்டும். தேர்வுக்காக எங்களிடம் சொல்கிறீர்களா? அதை நிகழ்ச்சி நிரலிலும் மேடையிலும் சொல்லலாமா? முதலாவதற்கு ‘ஆம்’ என்பவர்களில் பலர் இரண்டாவதற்கு ‘வேண்டாம்’ என்பார்கள். தன் பாலின அடையாளத்தை வீட்டில் சொல்லாத ஒருவரின் பெயரை அந்த அடையாளத்தோடு சுவரொட்டியில் போட்டுவிட்டால் பிறகு திரும்பப் பெற முடியாது. டைட்டிலில் எந்தப் பெயர் வர வேண்டும் என்பதையும் பதிவேட்டிலிருந்து எடுக்காமல் அவரிடமே கேளுங்கள்.

நுழைவுக் கட்டணம் வேண்டாம். படிவம் கைப்பேசியில் நிரப்பக்கூடியதாக இருக்கட்டும். ‘தற்போது படிப்பவர்’ என்று மட்டும் போட்டால், இடையில் படிப்பை நிறுத்த நேர்ந்தவர்கள் விடுபடுவார்கள். இந்தப் பிரிவு தேடுவது பெரும்பாலும் அவர்களைத்தான். கடைசி இரண்டு ஆண்டுகளுக்குள் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கும் தேர்வும்

ஆஸ்கர் விதிப்படி டைட்டில்களோடு சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம்தான். கான் விழாவின் குறும்படப் போட்டியில் வரம்பு 15 நிமிடம். உங்களுக்கு 15 சரி. 90 நிமிடத்தில் அறிமுகத்துக்கு 5, உரையாடலுக்கு 20, தாமதத்துக்கு 5 போனால் படங்களுக்கு மிஞ்சுவது 60. ஒரு படம் சராசரியாக ஒன்பது, பத்து நிமிடமென்றால் ஆறு அல்லது ஏழு படங்கள். எட்டாவதை நுழைத்தால் முதலில் வெட்டுப்படுவது உரையாடல்தான். மாணவர்கள் வருவதே அதற்காக.

60 படங்களில் ஒவ்வொன்றையும் இரண்டு பேராவது முழுதாகப் பார்க்க வேண்டும். குழுவில் பாதிப் பேராவது அந்தப் பின்னணிகளிலிருந்து வந்தவர்களாக இருக்கட்டும். மதிப்பெண் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள். சராசரி எப்போதும் யாருக்கும் தொந்தரவு தராத படத்தைத்தான் மேலே கொண்டுவரும். ஒருவர் 9-உம் இன்னொருவர் 3-உம் போட்ட படம் நடுவில் புதைந்துபோகும். அந்தப் படத்தைத்தான் உட்கார்ந்து பேச வேண்டும். ஒவ்வொரு தேர்வாளருக்கும் ஒரு படத்தைத் தன் பொறுப்பில் இறுதிப் பட்டியலுக்குக் கொண்டுவரும் உரிமை கொடுங்கள். ஒலியும் ஒளியும் சுமாராக இருப்பதால் மட்டும் எதையும் தள்ளாதீர்கள். நல்ல கேமராவை யார் வாடகைக்கு எடுக்க முடிந்தது என்பதை மட்டுமே அது காட்டும். வசனம் புரியாத அளவுக்கு மோசமென்றால், சரிசெய்து தர இரண்டு வாரம் அவகாசம் கொடுத்துப் பாருங்கள்.

வரிசையில் ஒரே விதிதான் எப்போதும் பலிக்கிறது: கனமான படங்களை அடுத்தடுத்து வைக்கக் கூடாது. முதல் படம் குறுகியதாகவும் உடனே உள்ளே இழுப்பதாகவும் இருக்கட்டும். தாமதமாக வருபவர்கள் கதவைத் திறந்து மூடும் நேரமும் அதுதான்.

வசனம் எங்கே போனது

இரண்டு காரணங்கள் உண்டு. அறிகுறியை வைத்தே பிரித்துவிடலாம். ஒரு படத்தில் மட்டும் நடந்தது என்றால் கோளாறு கோப்பில். அது 5.1 ஒலியாக, அதாவது ஆறு தனித்தனி சேனல்களாக வந்திருக்கும். 5.1-இல் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். லேப்டாப் இடது, வலது சேனல்களை மட்டும் வெளியே அனுப்பினால் இசையும் சுற்றுப்புற ஒலியும் வரும், வசனம் வராது. எல்லாப் படத்திலும் நடந்தால் கோளாறு கேபிளில். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து வரும் ஸ்டீரியோ கேபிளை மிக்ஸரின் பேலன்ஸ்டு மோனோ உள்ளீட்டில் செருகினால், மிக்ஸர் இரண்டு சேனல்களில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடும். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் வசனம் அடிபட்டுப்போகும். உங்கள் வழக்கு முதல் வகை. எல்லோரிடமும் ஸ்டீரியோ டவுன்மிக்ஸ் (எல்லாச் சேனல்களையும் இடது, வலது இரண்டில் கலந்தது) கட்டாயம் என்று கேட்டுவிடுங்கள், 5.1 தனிக் கோப்பாக வரட்டும்.

ஒலியளவு இன்னொரு தலைவலி. இணையத்துக்காக மிக்ஸ் செய்த படம் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு) அருகில் இருக்கும். ஒளிபரப்புக்கான ஐரோப்பிய அளவு -23. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் 9 டெசிபல் வித்தியாசம். கூட்டம் காதைப் பொத்தும். கம்ப்ரெஸர் (உரத்த ஒலியைத் தாழ்த்தும் கருவி) போட்டு எல்லாவற்றையும் தட்டையாக்காதீர்கள். ஒவ்வொரு படத்தையும் அளந்து, எந்தப் படத்துக்கு ஃபேடர் (மிக்ஸரில் ஒலியளவை ஏற்றி இறக்கும் நழுவுவிசை) எங்கே என்று ஒரு தாளில் எழுதி ஒலி ஆபரேட்டரிடம் கொடுங்கள். அளவுமானி ஒரே எண்ணைக் காட்டினாலும் ஒரு படத்தில் வசனம் தாழ்ந்து ஒலிக்கலாம், ஆகவே கடைசி முடிவு அரங்கின் நடு வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு.

கோப்பு விவரத்தை இப்படிக் கேளுங்கள்: 1920×1080, படம் எடுத்த அதே ஃப்ரேம் ரேட், வீடியோ வடிவம் ப்ரோரெஸ் 422 எச்.க்யூ அல்லது 20 எம்பிபிஎஸ்-க்கு (விநாடிக்கு 20 மெகாபிட்) குறையாத எச்.264, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். 24 ஃப்ரேமில் ப்ரோரெஸ் எச்.க்யூ நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.3 ஜிபி, 10 நிமிடப் படம் 13 ஜிபி. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் வேண்டும். கைப்பேசியில் எடுத்தவை பல நேரம் மாறும் ஃப்ரேம் ரேட்டில் இருக்கும். முதல் நிமிடத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவு எட்டாவது நிமிடத்தில் விலகிப் போவது அதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாப் படங்களையும் ஒரே டைம்லைனில் ஒட்டி ஒரே கோப்பாக எடுக்க ஆசை வரும். 24, 25, 30 கலந்திருந்தால் செய்யாதீர்கள், கேமரா நகரும் காட்சிகள் தடுக்கித் தடுக்கி ஓடும். பிளேலிஸ்ட் போதும், நடுவே சில விநாடி கறுப்புத் திரை வைத்தால் லேப்டாப் முகப்பும் தெரியாது. அரங்கில் டிசிபி (திரையரங்குகளுக்கான டிஜிட்டல் படத் தொகுப்பு) ஓட்டும் கருவி இருந்தால் டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் டிசிபி செய்துகொள்ளலாம். விரிவுரை அரங்கில் அது தேவையில்லை.

எழுத்துச் சிதைவு

இதிலும் அறிகுறியே காரணத்தைச் சொல்லும். வெறும் கட்டங்கள் தெரிந்தால், அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குழம்பி வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள் அல்லது கோப்பு யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் சேமிக்கப்படவில்லை. ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் பிரிந்து இடம் மாறி நின்றால், எழுத்துரு சரி. மென்பொருளுக்குத்தான் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியவில்லை. அடோபி பிரீமியரில் கிராஃபிக்ஸ் விருப்பங்களில் உள்ள டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய, மத்தியகிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றினால் இது தீரும்.

படத்திலேயே பதித்த சப்டைட்டிலோடு ஒரு கோப்பு, எழுத்தில்லாத சுத்தமான கோப்பு ஒன்று, எஸ்ஆர்டி (நேரக் குறிப்புகளோடு சப்டைட்டில் மட்டும் உள்ள எழுத்துக் கோப்பு) என மூன்றையும் வாங்குங்கள். திரையிடுவது பதித்ததை. தரை சமமான அரங்கு என்றால் முன்வரிசைத் தலைகள் கடைசி வரியை மறைக்கும். எழுத்தைச் சற்று மேலே ஏற்றச் சொல்லுங்கள். செவித்திறன் குறைந்தவர்கள் வருவார்கள் என்றால் வசனம் மட்டும் போதாது: யார் பேசுகிறார், கதவு தட்டும் ஓசை, இசை நிற்பது எல்லாம் எழுத்தில் வர வேண்டும். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் ஒளி விட்டுவிட்டு அடிக்கும் காட்சி இருந்தால், வாசலிலும் மேடையிலும் முன்கூட்டியே எச்சரியுங்கள்.

ப்ரொஜெக்டர்

விரிவுரை அரங்குகளின் ப்ரொஜெக்டர்கள் பெரும்பாலும் ‘பிரசன்டேஷன்’ அல்லது ‘டைனமிக்’ நிலையில் கிடக்கும். விளக்கு எரியும் அறையில் வரைபடம் காட்டுவதற்கான அமைப்பு அது. ‘சினிமா’ நிலைக்கு மாற்றுங்கள். லேப்டாப்பும் ப்ரொஜெக்டரும் எச்டிஎம்ஐ வண்ண வீச்சில் (கறுப்பும் வெள்ளையும் எந்த எண்ணில் தொடங்கி முடிகின்றன என்ற அமைப்பு) ஒத்துப்போகாவிட்டால், ஒன்று கறுப்பு சாம்பலாக வெளிறும், அல்லது இருட்டில் இருக்கும் எல்லாம் ஒரே கருமையாகிவிடும். இந்தப் பிரிவில் இது சின்ன விஷயமில்லை. கோடாக் நிறுவனத்தின் ‘ஷெர்லி’ அட்டைகள் வெள்ளைத் தோலைக் கொண்டே பல ஆண்டுகள் புகைப்பட அச்சின் நிறத்தைச் சரிபார்த்தன; கருந்தோலைப் பின்னுக்குத் தள்ளும் அந்தப் பழக்கம் சரியாக அமைக்காத ப்ரொஜெக்டரில் இன்றும் நடக்கும். ஆகவே சோதனைக்கு வண்ணப் பட்டைகளோடு நிறுத்தாதீர்கள். தேர்வான படங்களில் மிக இருண்ட இரவுக் காட்சியை, கரிய முகம் தெரியும் ஷாட்டை எடுத்துப் போடுங்கள். கன்னத்துக்கும் பின்னணிச் சுவருக்கும் வித்தியாசம் தெரிகிறதா? தெரியும்வரை அமைப்பை மாற்றுங்கள். அவசர வழி விளக்கைத் தவிர எல்லா விளக்கும் அணைய வேண்டும்.

ஒரு வாரம் முன்பு ஒவ்வொரு படத்தின் முதல் நிமிடம், நடுப்பகுதி, கடைசி நிமிடம் பாருங்கள்; அன்று காலை மீண்டும் ஒரு முறை, முடிந்தால் இயக்குநர்களையும் வைத்துக்கொண்டு. கோப்புகள் லேப்டாப்பின் உள்ளேயே இருக்கட்டும், பென் டிரைவிலிருந்து ஓட்ட வேண்டாம். இரண்டாவது லேப்டாப் தயாராக இருக்கட்டும். அறிவிப்புகள், ஸ்லீப், தானியங்கி அப்டேட் மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

உரிமை

சில கல்லூரிகளில் மாணவர் படத்தின் உரிமை கல்லூரியிடம் இருக்கும். மாணவர் கையெழுத்து மட்டும் போதாது. இசைக்கு, அந்தப் பாட்டை இந்தப் படத்தில் சேர்க்க எழுத்து மூலமான அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பதிப்புரிமையில் வகுப்பறைக்கு உள்ள விலக்கு, வெளியாட்கள் வரும் விழாவுக்குப் பொதுவாகப் பொருந்தாது. ஆவணப்படத்தில் முகம் தெரிபவர்களின் ஒப்புதலையும், சிறுவர்கள் இருந்தால் பெற்றோர் ஒப்புதலையும் பாருங்கள்.

உரையாடலும் பிறகும்

நெறியாளர் எல்லாப் படங்களையும் இரண்டு முறையாவது பார்த்திருக்க வேண்டும். முதல் கேள்வி படத்தைப் பற்றியதாக இருக்கட்டும்: அந்த நீண்ட ஷாட்டை ஏன் வெட்டவில்லை, அந்த ஒலியை எங்கே பதிவு செய்தீர்கள். ‘உங்கள் சமூகத்தில் இப்படித்தானா’ என்று தொடங்கினால் ஒரு மாணவரை ஒரு கூட்டத்தின் பிரதிநிதியாக நிறுத்திவிடுகிறீர்கள். பிறகு ஃப்ரேமைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ‘என் குரல் கேட்கும்’ என்பவர் கையிலும் மைக் கொடுங்கள். செவித்திறன் குறைந்தவர்களின் காதுக் கருவிக்கு நேராக ஒலியை அனுப்பும் லூப், மைக்கிலிருந்துதான் ஒலியை எடுக்கிறது. சைகைமொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவர் மேல் தனி விளக்கு வேண்டும்.

சிறு தொகையாக இருந்தாலும் திரையிடல் கட்டணம் கொடுங்கள். பயணச் செலவை முன்பணமாகக் கொடுங்கள். பிறகு தருகிறோம் என்றால் கையில் பணமில்லாதவர் வரவே மாட்டார். முடிந்தபின் ஒரு வாரத்துக்குள் தேர்வுக் கடிதம், விழா முத்திரைப் படக்கோப்பு, நல்ல புகைப்படங்கள், பார்வையாளர் எண்ணிக்கை ஆகியவற்றை அனுப்புங்கள். அடுத்த விழாவுக்கும் உதவித்தொகைக்கும் அவர்கள் காட்டுவது இவற்றைத்தான். படத்தை மட்டும் உங்கள் சேனலில் ஏற்றாதீர்கள். இணையத்தில் பொதுவாக வந்த படத்தை ஏற்காத விழாக்கள் உண்டு. கோப்புகளை எப்போது அழிப்பீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, அந்த நாளில் அழித்துவிட்டு அவர்களுக்குத் தகவல் அனுப்புங்கள்.