பாரிசவாதம் வந்த கைக்கு இறுக்க உறை போடலாமா? கேள்வி பதில்

மலையகத்து ஆஸ்பத்திரிகளில் நீண்ட காலம் பிசியோவாக, அதாவது உடற்பயிற்சி சிகிச்சையாளராக, வேலை செய்தவன் நான். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கைக்குப் போடும் இறுக்கமான கையுறை, கைச்சட்டை பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 56 வயது, கொழுந்து பறித்தவர். இரண்டு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இப்போது புறங்கை வீங்கி விரல் மடங்கவில்லை. பார்மசியில் ஒரு இறுக்கக் கையுறை காட்டினார்கள். போட்டால் கை வருமா ஐயா?

வீக்கம் வற்றும் மகள். கை வருவது வேறு கதை. நாம் கையை மடக்கி நீட்டும்போது தசைகள் அழுத்தித்தான் கையில் சேரும் நீர் மேலே ஏறுகிறது. அசையாத கை தொங்கிக் கிடந்தால் அது புறங்கையில் தேங்கிவிடும். கையுறை அந்த அழுத்தத்தை வெளியிலிருந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதை லேசாக நினைக்க வேண்டாம். வீங்கிய விரல் மடங்காது. மடங்காமலே விட்டால் மூட்டு இறுகிப்போகும். பிறகு மூளை தேறி வந்தாலும் விரல் அசைய இடமிருக்காது.

வாங்கும் முன் கையைப் பாருங்கள். சிவந்து, சூடாகி, தொட்டாலே வலித்து, தோளும் நோகிறது என்றால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். கை முழுவதும் திடீரென வீங்கினால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதெல்லாம் இல்லையென்றால் கையுறை போடலாம். அளவைக் காலையில் எழுந்தவுடன் எடுங்கள், வீக்கம் குறைவாக இருக்கும் நேரம் அது. விரல் நுனி திறந்திருக்கும் வகையையே கேட்டு வாங்குங்கள்.

போடும்போதுதான் பலர் கையை நோகப்பண்ணுகிறார்கள். இறுகி மூடிய விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து விரிக்காதீர்கள். அம்மாவின் மணிக்கட்டை மெல்ல உள்பக்கமாக வளையுங்கள், விரல்கள் தாமாகவே கொஞ்சம் தளரும். அந்த நேரம் பார்த்துக் கையுறையை ஏற்றி, விரலிடுக்குகளில் துணி நன்றாக உட்காரும்படி அமர்த்திவிடுங்கள். தையல் உள்ளே இருந்தால் மறுபக்கம் திருப்பிப் போடுங்கள். உணர்ச்சி குறைந்த கையில் தையல் அழுத்திப் புண்ணாக்கினாலும் அம்மாவுக்குத் தெரியாது.

முதல் நாள் அரை மணி நேரம் போதும். நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு மூன்று வினாடியில் நிறம் திரும்பாவிட்டால் கையுறை இறுக்கம், கழற்றுங்கள். கழற்றிய பிறகு சிவந்த தடம் மறைகிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியென்றால் நேரத்தைக் கூட்டலாம். அம்மா உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வைத்து, முழங்கையை விட விரல்கள் உயரமாக இருக்கும்படி செய்யுங்கள். தலையணை இல்லாமல் கையுறை மட்டும் போட்டுவிட்டு வீக்கம் வற்றவில்லையே என்று வருவோர்தான் அதிகம்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: மேல்கை வரை வரும் லைக்ரா (இழுபடும் துணி) கைச்சட்டை ஒன்று இணையத்தில் விற்கிறார்கள். மூன்று மாதத்தில் கை பழையபடி ஆகுமாம். அண்ணனுக்கு வாங்கட்டுமா?

அந்த விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம். லைக்ராவை ஆராய்ந்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. 2000இல் வந்த ஓர் ஆய்வில் 16 பேருக்கு மூன்று மணி நேரம் அணிவித்துப் பார்த்தார்கள். மணிக்கட்டு, விரல்களின் இறுக்கம் குறைந்தது, வீங்கிய கையில் வீக்கமும் குறைந்தது. மூன்று மணி நேரத்துக் கதை அது. அதை வைத்து மூன்று மாதத்தில் கை வரும் என்று சொல்ல முடியாது. இந்த வகை ஆய்வுகள் எல்லாமே சிறியவை. கை மீண்டும் வேலை செய்யும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எதுவும் வரவில்லை. கை ஓரளவு அசைகிறது, ஆனால் மணிக்கட்டு உள்ளே வளைந்தே நிற்கிறது என்றால், உங்கள் பிசியோ அளவெடுத்துக் கொடுப்பதைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்து பார்க்கலாம். அந்தப் பணத்தில் எத்தனை முறை கிளினிக் போய்வரலாம் என்ற கணக்கையும் போட்டுப்பாருங்கள்.

ஹட்டன்: ஆஸ்பத்திரியில் அப்பாவின் கையைப் பிளாஸ்டிக் பையில் விட்டுக் காற்று ஊதினார்கள். அது என்ன?

ஸ்கொட்லாந்து பிசியோ மார்கரெட் ஜோன்ஸ்டன் பரப்பிய முறை. இரட்டைச் சுவருள்ள உறைக்குள் கையை நீட்டி வைத்து வாயால் ஊதுவார்கள். மூச்சுக்காற்றின் சூட்டில் பிளாஸ்டிக் இளகிக் கையோடு படியும். அழுத்தம் 40 மி.மீ. பாதரசத்தைத் தாண்டக்கூடாது. கையை நீட்டி வைத்து, அதன் மேல் பாரம் கொடுத்துப் பயிற்சி செய்ய உதவும். வீட்டில் சைக்கிள் பம்ப்பை வைத்து யாரும் முயற்சி செய்யாதீர்கள், கேட்டவர்கள் இருக்கிறார்கள்!

பண்டாரவளை: அப்பாவுக்குச் சீனி வருத்தம், கையில் உணர்ச்சியும் இல்லை. இரவு முழுக்கப் போட்டு வைக்கலாமா?

வேண்டாம். பகலில், யாராவது பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும். தோலில் புண் இருந்தால் அதுவும் கூடாது.

ராகலையிலிருந்து ஒரு அக்கா: இங்கே குளிருக்குக் கை இன்னும் இறுகுகிறது. கையுறையும் மழைக்காலத்தில் காய்வதேயில்லை.

குளிரில் இறுக்கம் கூடுவது உண்மைதான். இறுக்கக் கையுறையின் மேல் தளர்வான கம்பளி உறை ஒன்றைப் போடலாம். கையை அடுப்பருகே காட்டவோ சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்கவோ வேண்டாம், உணர்ச்சியில்லாத கை வெந்த பிறகுதான் தெரியும். இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும், அதையும் நல்ல கையால் தொட்டுப் பார்த்துவிட்டு. கையுறையையும் அடுப்புக்கு மேல் கட்டிக் காயவைக்காதீர்கள், இலாஸ்டிக் செத்துவிடும். துவாயில் சுருட்டிப் பிழிந்து நிழலில் போடுங்கள். இரண்டு சோடி இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கண்டி: கைக்குக் கையுறை மாதிரி, காலில் இரத்தம் கட்டாமலிருக்க இறுக்கக் காலுறை போடலாமா?

பாரிசவாத நோயாளிகள் 2,500க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2009இல் வந்தது. தொடை வரை வரும் காலுறை இரத்தக்கட்டியைக் குறைக்கவில்லை, தோல் புண்களைத்தான் கூட்டியது. ஆகவே நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு அம்மா: பிசியோவிடம் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறது. மகனுக்குக் கை கொஞ்சம் அசைகிறது. கையுறையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். வேறென்ன செய்யலாம்?

வருமானத்தை விட்டுவிட்டு வரச்சொல்வது எனக்கும் லேசான காரியம் இல்லை அம்மா. ஆனால் நாள் முழுக்க உறைக்குள் சும்மா இருக்கும் கை எதையும் கற்றுக்கொள்ளாது. திரும்பத் திரும்ப வேலை கொடுத்தால்தான் மூளை புதிய வழியைப் பிடிக்கும். காலையில் வீக்கம் குறைந்ததும் கையுறையைக் கழற்றச் சொல்லுங்கள். மேசையில் துவாயை விரித்து இரு கையாலும் முன்னும் பின்னும் தள்ளட்டும். கடலையை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பையில் போடட்டும். பிளாஸ்டிக் கிளாசைத் தூக்கி வாய்வரை கொண்டுபோகட்டும். நீங்கள் வந்ததும் எத்தனை தடவை செய்தார் என்று கேளுங்கள்.

இன்னொன்று. பாரிசவாதத்துக்கு நல்ல ஆதாரமுள்ள கையுறை ஒன்று உண்டு, அது நல்ல கைக்குப் போடுவது! நல்ல கையைத் தடித்த உறைக்குள் அடைத்துவிட்டால், வேறு வழியில்லாமல் பலவீனமான கைதான் வேலை செய்ய வேண்டும். அமெரிக்காவில் 222 பேரை வைத்து இரண்டு வாரம் இப்படிச் செய்து பார்த்து, 2006இல் முடிவு சொன்னார்கள். தினமும் பல மணி நேரப் பயிற்சியும் கூடவே நடந்தது. ஒரு வருடம் கழித்தும் பலன் நீடித்தது. மணிக்கட்டையும் விரலையும் ஓரளவு மேலே தூக்க முடிகிறவருக்குத்தான் இது சரிவரும். தடுமாறி நடப்பவர் என்றால், நடக்கும்போது நல்ல கை விடுபட்டிருக்க வேண்டும். மகனுக்கு மணிக்கட்டு எழும்புகிறதென்றால் அடுத்த கிளினிக்கில் இதைக் கேளுங்கள். அந்த ஒரு நாள் சம்பளத்தை இதற்குச் செலவழிக்கலாம்.

இறத்தோட்டை: எண்ணெய் தேய்த்து உருவிவிட்டுக் கையுறை போடலாமா?

எண்ணெய் கையுறையைக் கெடுக்கும், துடைத்த பிறகு போடுங்கள். உருவுகிறவர் கையைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தளர்ந்த தோள்மூட்டு இறங்கினால் அந்த வலி கையுறை விஷயத்தை விடப் பெரிய தலையிடி.

லிந்துலை: அம்மா மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்கிறார். அதன் மேலேயே கையுறை போடலாமா?

கூடாது. இன்றைக்கே கழற்றுங்கள். கையைக் கொஞ்ச நேரம் உயர்த்தி வைத்து, சவர்க்காரம் தடவிச் சுழற்றிப் பாருங்கள். வரவில்லை, விரலும் நீலம் பாய்கிறது என்றால் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுப்பார்கள். வெட்டியதைத் தட்டானிடம் கொடுத்தால் ஒட்டித் தருவார் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், சம்மதிப்பார்.