பெட்டிக்குள் படம் இல்லை என்றாலும் விற்பவர் தப்ப முடியாது

கேள்வி: சுங்கை சிப்புட்டில் கைப்பேசிக் கடை நடத்துகிறேன். தொலைக்காட்சியில் இணைத்தால் புதுத் தமிழ்ப்படங்கள் இணையம் வழி இலவசமாக வரும் ஆண்ட்ராய்டு பெட்டிகளைக் கடனுக்குத் தருவதாக ஒரு விநியோகிப்பாளர் சொல்கிறார். திருட்டுத்தனமாகப் பார்ப்பது படத்துக்கு விளம்பரம், அதனால் வசூல் கூடும் என்கிறார். உண்மையா? வாங்கி விற்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், ஐயா.

முதலில் வசூலைப் பார்ப்போம். ஐரோப்பிய ஆணையத்துக்காகச் செய்யப்பட்டு 2017இல் வெளிவந்த ஆய்வு, பெரிதாக ஓடும் புதுப்படங்களைப் பத்து முறை சட்டவிரோதமாகப் பார்த்தால், முறையாகப் பார்ப்பது நான்கு முறை குறைகிறது என்று மதிப்பிட்டது. மற்ற ஆறு முறையும் பார்த்தவர் எப்படியும் காசு கொடுத்திருக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டாலும், அவரால் வசூல் கூடியது என்று ஆகாது.

விநியோகிப்பாளர்கள் பிடித்துத் தொங்குவது ஒரு விதிவிலக்கை. திருட்டுப்படங்களும் பகிரப்பட்டுவந்த மெகா அப்லோட் என்ற இணையத்தளம் 2012 ஜனவரியில் மூடப்பட்டபின் திரையரங்க வசூலை ஆராய்ந்தவர்கள், பெரும்படங்கள் பயனடைந்ததையும் சிறுபடங்களின் வசூல் குறைந்ததையும் கண்டார்கள். இலவசமாகப் பார்த்தவர்கள் பரப்பிய வாய்வழிப் பேச்சு நின்றுபோனதே காரணமாகலாம் என்றார்கள். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டவர் போய்ப் பார்க்கும்வரை படம் அரங்கில் இருந்தால்தானே அது வசூலாகும்? நம் மலேசியத் தமிழ்ப்படங்கள் பலவும் சில நாள்களிலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன. தோட்டப்புறத்துக்குப் பேச்சு வந்து சேரும்போது சீட்டு வாங்க வழியிருக்காது. மேலும், அந்தப் பெட்டிகளை விற்றுக்கொடுப்பவை முன்னணி நாயகர்களின் புதுப்படங்களே அன்றி, இந்த விதிவிலக்குக்குள் வரும் சிறுபடங்கள் அல்ல.

அடுத்து, படம் பெட்டிக்குள் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது, ஆகவே குற்றமில்லை என்பார் அந்த விநியோகிப்பாளர். 2022 மார்ச் 18இல் நடப்புக்கு வந்த மலேசியப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. பதிப்புரிமையை மீறி ஒளிபரப்ப உதவும் கருவியை விற்றாலும், விற்க முன்வந்தாலும் குற்றம்: 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 20 ஆண்டுக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும். பெட்டியின் அடியில் உள்ள சிரிம் முத்திரையைக் காட்டி அரசாங்க அனுமதி இருக்கிறது என்பார்கள். அது கருவிக்குரிய தொழில்நுட்பச் சான்று மட்டுமே, உள்ளே ஓடும் படத்துக்கான உரிமம் அன்று. ரசீதில் ‘உதிரிப்பாகம்’ என்று கிறுக்கிக் கொடுப்பவரிடம் ஒரு பெட்டிகூட வாங்காதீர்கள். சோதனை நடக்கும் அன்று அவருடைய தொலைபேசி ஒலிக்காது.

எங்கோ சர்வர் வைத்துச் சம்பாதிப்பவரை விட்டுவிட்டுக் கடைத்தெருவில் இருப்பவரையே பிடிப்பது எனக்கும் பொறுக்கவில்லை. ஒரு படம் பார்க்கக் குடும்பத்தோடு ஈப்போவரை போகவேண்டிய மக்களுக்கு, முறையான இணைய வெளியீட்டை விரைவாகத் தர உரிமையாளர்கள் ஏன் இன்னும் தயங்குகிறார்கள்?

செயலி எதுவும் ஏற்றப்படாத பெட்டியை, அப்படியே ரசீதில் குறிப்பிட்டு விற்கலாம். வாடிக்கையாளர் கேட்டாலும் திருட்டுச் செயலிகளை ஏற்றித் தராதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், சரக்கு வேண்டாம் என்று எழுத்து மூலம் தெரிவித்து, நகலைக் கடையில் வைத்திருங்கள்.