வாசகர் கேள்வி பதில்: காப்பகப் பூனைகளுக்குப் பழைய துணியில் என்ன தைக்கலாம்?

வீட்டில் உபயோகமில்லாமல் கிடக்கும் துணியில் காப்பகப் பூனைகளுக்குத் தைத்துக் கொடுப்பது பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கான பதில்கள்.

பழைய நைட்டி, பெட்ஷீட், துண்டு எல்லாம் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. காப்பகத்தில் உண்மையாகவே பயன்படுத்தும்படி என்ன தைக்கலாம்? அளவு, முறை சொல்லுங்கள்.
வாசகி, கும்பகோணம்

கூண்டுக்குள் போடும் தட்டையான விரிப்புதான் முதல் தேவை. எத்தனை கொடுத்தாலும் காப்பகத்துக்குப் போதாது. ஒரு நாளில் ஒரே கூண்டுக்கு இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டிவரும். விளிம்பு உயர்ந்த வட்ட மெத்தை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் துவைப்பதும் உலர்த்துவதும் சிரமம். அதனால் மூலையில் ஒதுங்கிவிடும்.

தைப்பதற்கு முன் காப்பகத்துக்குப் போன் செய்து கூண்டின் உள்ளளவைக் கேளுங்கள். மணல் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் போக மிச்சமிருக்கும் இடம்தான் விரிப்புக்கு. அளவு தெரியாவிட்டால் 18 x 14 அங்குலம் வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த பூனை சுருண்டு படுக்க அது போதும். பெரிய கூண்டென்றால் இரண்டைப் பக்கம் பக்கமாகப் போட்டுக்கொள்வார்கள்.

எல்லாத் துணியையும் முதலில் வெந்நீரில் துவைத்துச் சுருங்க விடுங்கள். இதைத் தவறவிட்டால் உள்ளே வைத்த துண்டு ஒரு மாதிரியும் மேலுறை வேறு மாதிரியும் சுருங்கி, முதல் சலவையிலேயே விரிப்பு முறுக்கிக்கொள்ளும். பிறகு 19 x 15 அங்குலத்தில் மேலுறைக்கு இரண்டு துண்டுகள், நடுவில் வைக்கத் தேங்காய்ப்பூத் துண்டில் ஒன்று வெட்டுங்கள். மேலுறைத் துணிகளின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, அதன் மேல் தேங்காய்ப்பூத் துண்டைப் பரப்பி, மூன்றையும் சேர்த்து ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளித் தையுங்கள். நீளப் பக்கத்தின் நடுவில் 4 அங்குலம் திறப்பு விடுங்கள். மூலையில் விட்டால் திருப்பிய பின் மூலை சரியாக நிற்காது. தையலுக்கு வெளியே இருக்கும் தேங்காய்ப்பூத் துணியை மட்டும் கத்தரித்து, நான்கு மூலைகளையும் சாய்வாக நறுக்குங்கள். இந்த இடத்தில் சோம்பினால் மூலை தடித்து, மேல் தையல் போடும்போது ஊசி முறியும்.

திருப்பிப் போட்டு, திறப்பை உள்ளே மடித்து, சுற்றிலும் கால் அங்குலத்தில் ஒரு மேல் தையல் அடியுங்கள். அதோடு நிறுத்திவிடக் கூடாது. 4 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்குத் தையல் ஓட்ட வேண்டும். அது இல்லாத விரிப்பு சில சலவைகளிலேயே உள்துணி பந்தாகத் திரண்டு ஒரு பக்கம் சேர்ந்துவிடும். 16-ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல். அதைவிட நெருக்கினால் நைந்த துணியில் ஊசித்துளை வரிசையாகவே கிழிந்து வரும்.

தேங்காய்ப்பூத் துண்டு எப்போதும் உள்ளேதான் இருக்க வேண்டும். அதன் கண்ணிகளில் பூனையின் நகம் மாட்டிக்கொள்ளும். குட்டிகள் உதறி உதறி நகத்தையே பெயர்த்துக்கொள்வதும் உண்டு. மேலுறைக்கு பெட்ஷீட், பாப்ளின், நைட்டித் துணி நல்லது. துணியை வெளிச்சத்தில் பிடித்து இரு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அது மேலுறைக்கு ஆகாது, உள்ளே வைக்கலாம்.

பழைய தலையணைகளிலிருந்து எடுத்த இலவம் பஞ்சு நிறைய இருக்கிறது. விரிப்புக்குள் வைக்கலாமா?
வாசகர், தேனி

வேண்டாம். இலவம் பஞ்சைத் துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும். உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். தையல் விட்டால் கூண்டு முழுக்கப் பறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காப்பகத்துக் கொடியில் எது ஒரே நாளில் காயுமோ அதுதான் அங்கே உதவும். துணி அடுக்கு மூன்று அல்லது நான்குக்கு மேல் போகவே கூடாது. சித்திரை வெயிலுக்கு உள்துணியே இல்லாமல் இரட்டை பெட்ஷீட் துணி போதும். பூனையும் அதைத்தான் விரும்பும்.

விரிப்பின் ஓரத்தில் குஞ்சம், லேஸ் வைத்துத் தைத்தேன். காப்பகத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள். இவ்வளவு கண்டிப்பு தேவையா?
வாசகி, நாகர்கோவில்

தேவைதான். உங்கள் உழைப்பு வீணானது எங்களுக்கும் வருத்தமே, ஆனால் காரணம் பெரியது. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. வாயில் சிக்கிய நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போகும். குடல் அசைய அசைய, பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவதுபோல் நூலின் மேல் குடல் சுருங்கிக்கொண்டே வரும். இறுகிய நூல் குடலை அறுத்தும் விடும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமல் பிழைக்காது. (பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள், நேரே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.)

ஆகவே குஞ்சம், லேஸ், ரிப்பன், நாடா, எலாஸ்டிக், ஜரிகை, ஜிகினா, பொத்தான், மணி எதுவும் கூடாது. புடவையானால் ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிட்டு உடல் துணியை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு தையலின் முடிவிலும் பின்னோக்கி நாலு தையல் அடித்து, நூலை ஒட்ட நறுக்குங்கள். குண்டூசியை எண்ணிக் குத்தி, எண்ணி எடுங்கள். கடைசியில் விரிப்பின் மேல் ஒரு காந்தத்தை நகர்த்திப் பார்த்தால் முறிந்த ஊசி முனை இருந்தாலும் தெரியும்.

தைத்ததை டெட்டாலில் அலசிக் கொடுத்தால் கிருமி இல்லாமல் இருக்குமே?
வாசகி, சேலம்

டெட்டாலும் பினாயிலும் பூனை இருக்கும் இடத்துக்கே ஆகாதவை. மனிதருக்கும் நாய்க்கும் ஈரல் வெளியேற்றிவிடும் பினால் வகை ரசாயனங்களைப் பூனையின் ஈரலால் எளிதில் கழிக்க முடியாது. துணியில் ஒட்டியது ரோமத்தில் படியும், ரோமத்தை நக்கும்போது வயிற்றுக்குள் போகும். பீரோவில் அந்துருண்டையோடு பல வருடம் கிடந்த துணிக்கும் இதே எச்சரிக்கை. சோப்புத்தூளில் இரண்டு முறை துவைத்து, வாடை அடியோடு போகும்வரை வெயிலில் போடுங்கள். போகாவிட்டால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். வாசனைத் திரவமும் கஞ்சியும் வேண்டாம். கஞ்சிக்கு எறும்பும் கரப்பானும் வரும்.

கிருமி நீக்கம் காப்பகத்தின் வேலை. பூனைகளுக்குக் கடும் வாந்தி பேதி வரவழைத்துக் கொல்லும் தொற்றான பேன்லூக்கோபீனியாவின் வைரஸ் துணியிலும் தரையிலும் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கக்கூடியது. அதற்காக, அழுக்குப் போகத் துவைத்த பிறகு, 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற வைப்பது வழக்கம். அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. அடர்ந்த நிறத் துணி இதில் திட்டுத் திட்டாக வெளுக்கும். அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை, ஆனால் வெளிர் நிறத்தில் தைத்தால் ரத்தம், பேதி, சிறுநீர் நிறமாற்றம் எல்லாம் ஊழியர் கண்ணில் உடனே படும். நாங்கள் வெளிர் நிறத்தையே சொல்வோம்.

விரிப்பு தவிர வேறு என்ன தைக்கலாம்?
வாசகி, வேலூர்

ஒளிந்துகொள்ள ஓர் இடம். புதிதாக வந்த பூனைக்கு உணவைவிட முதலில் வேண்டியது அதுதான். 2014-இல் நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிய ஒரு பெட்டி கொடுத்துக் கவனித்தார்கள். பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தன.

பூனைகளை அறையில் விட்டு வைத்திருக்கும் காப்பகமானால் பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு உறை தையுங்கள். மேல்பலகையின் அளவோடு எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூட்டி ஒரு துண்டு. மூன்று பக்கங்களுக்குத் தொங்கும் துண்டுகள். நான்காவது பக்கம் திறந்திருக்கட்டும். ஸ்டூலின் கால் கீழே விரியும் என்பதால் பக்கத் துணியைக் கீழே 2 அங்குலம் அகலமாக வெட்டினால்தான் சரியாக உட்காரும். தரைக்கு 2 அங்குலம் மேலே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கழுவும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு பூனை, மேலே ஒரு பூனை இருக்கலாம்.

கூண்டுக்கு என்றால் முன்பக்கத்தில் பாதியை மட்டும் மறைக்கும் திரை. முழுக்க மறைத்தால் பூனை சாப்பிட்டதா, வாந்தி எடுத்ததா என்று ஊழியருக்குத் தெரியாது. மேலே மூன்று இடத்தில் ஒரு அங்குல அகல வெல்க்ரோ பட்டை வைத்துக் கம்பியைச் சுற்றி ஒட்டும்படி தையுங்கள். கட்டும் நாடா வேண்டாம்.

திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கிறது. அதில் பொம்மை செய்யலாமா? உள்ளே குப்பைமேனி வேர் வைத்தால் பூனைக்குப் பிடிக்குமாமே?
வாசகர், அவிநாசி

செய்யலாம். ஆனால் கீற்றுகளாக நறுக்கி அடைக்காதீர்கள். பொம்மை கிழிந்தால் அந்தக் கீற்றும் குஞ்சத்தைப் போலவே ஆபத்து. உள்ளங்கையைவிடப் பெரிய பனியன் துணியை இறுக்கச் சுருட்டி, சுருளின் குறுக்கே ஊடுருவி நாலைந்து தையல் போட்டுக் கெட்டிப்படுத்துங்கள். ஜீன்ஸிலோ தடித்த காட்டனிலோ 9 x 11 அங்குலம் வெட்டி, நீளவாக்கில் மடித்துத் தைத்தால் 4 x 10 அங்குல உருளை வரும். சுருளை அதற்குள் செலுத்தி வாயை இரட்டைத் தையலில் மூடுங்கள். பூனை முன்காலால் கட்டிக்கொண்டு பின்காலால் உதைக்க இந்த நீளம் வேண்டும். லைக்ரா கலந்ததையும் கழுத்துப்பட்டை ரிப்பையும் ஒதுக்கிவிடுங்கள், அவை நூலாக இழுபடும்.

குப்பைமேனி வேருக்குப் பல பூனைகள் மயங்கிப் புரளும், உண்மைதான். ஆனால் வேரை உள்ளே வைத்துத் தைத்த பொம்மையைத் துவைக்க முடியாது, துவைக்க முடியாதது காப்பகத்துக்கு ஆகாது.

எனக்கு மெஷின் இல்லை. கையால் தைத்தால் தாங்குமா?
வாசகி, காரைக்குடி

ஓட்டுத் தையல் தாங்காது. இரட்டை நூலில் பின் தையலாக, அங்குலத்துக்கு ஆறு ஏழு வீதம் போட்டால் தாங்கும். அதுவும் கை வலித்தால், பழைய ஃப்ளீஸ் போர்வையை 18 x 14 அளவில் வெட்டி அப்படியே கொடுங்கள். அதற்கு ஓரம் பிரியாது, தையலே வேண்டாம். ஓரத்தைக் கீறிக் கீறி முடிச்சுப் போடும் வழக்கம் ஒன்று உண்டு; அந்த முடிச்சுகளைப் பூனை மென்று தின்னும், அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரே அளவில் பத்துப் பத்தாகக் கட்டி, மேலே அளவை எழுதிக் கொடுத்தால் ஊழியர் பிரித்து அடுக்க வேண்டியதில்லை.