சாமி வந்து ஆடும் எலி

கேள்வி: எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பன், சட்ஸ்வொர்த்தில். 11 வயது மகள் நச்சரித்து நச்சரித்து, ஆறு வாரத்துக்கு முன் பெட் ஷாப்பில் இரண்டு எலிக்குட்டி வாங்கினோம். இரண்டும் பெண் என்றார்கள். வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணுமாக இருப்பது உப்பு. தலையும் முதுகும் கறுப்பாக இருப்பது மிளகு. கூண்டு லவுஞ்சில், சமையலறையை ஒட்டி இருக்கிறது. உப்பு நின்ற இடத்திலேயே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது. என் மாமியார் ‘சாமி வந்துடுச்சு’ என்கிறார். மிளகு பல்லை நறநறவென்று கடிக்கும்போது கண் பிதுங்கிப் பிதுங்கி உள்ளே போகிறது. வலிப்போ என்று பயந்துவிட்டோம். சில நாள் அதன் காது நடுங்குகிறது. பகலில் ஒன்றை ஒன்று மல்லாத்திப் போட்டுக் கீச்கீச்சென்று கத்துகின்றன. ஒரு நாள் காலையில் மிளகின் மூக்கில் ரத்தம் இருந்தது. சாயங்காலம் ஆனால் இரண்டும் மூலையில் கல் மாதிரி உட்கார்ந்துவிடுகின்றன. போன வாரம் கரண்ட் போன இரவில் மட்டும் கூண்டே அதிர விளையாடின. இருட்டுதான் பிடிக்குமோ? சமையலறையில் வெளி எலித் தொல்லையும் இருக்கிறது. அதற்காக ப்ளக்கில் மாட்டும் எலி விரட்டி ஒன்றை இரவில் போட்டு வைக்கிறோம், அப்படியும் வரத்தான் செய்கின்றன. ‘வெளி எலியை விரட்டிக்கொண்டு உள்ளே எலி வளர்ப்பதா, மாதக் கடைசிக்குள் கடையில் திருப்பிக் கொடு’ என்கிறார் கணவர். என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் மாமியாரின் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். உப்புக்குச் சாமி வரவில்லை. கண் சரியாகத் தெரியாது, அவ்வளவுதான். எல்லா எலிக்கும் பார்வை மங்கல். சிவப்புக் கண் எலிக்கு இன்னும் மோசம், ஏனென்றால் வெளிச்சத்தைத் தடுக்கும் நிறமி அந்தக் கண்ணில் கிடையாது. எது கிட்டே, எது தூரம் என்று கணிக்கத்தான் தலையை ஆட்டுகிறது. நீங்களே ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் நின்று தலையை அசைத்துப் பாருங்கள். கிட்டே இருக்கும் கம்பி சட்டென்று நகரும், தெருவில் இருக்கும் மாமரம் மெதுவாக நகரும். உப்பு போடுவதும் இந்தக் கணக்கைத்தான். ஒன்று மட்டும் செய்யுங்கள்: கூண்டுக்குள் கையை விடுவதற்கு முன் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மேலிருந்து திடீரென்று இறங்கும் கை அதற்குப் பருந்து மாதிரி.

அடுத்தது மிளகின் பல். வலிப்பு இல்லை, கவலைப்படாதீர்கள். எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசித் தேய்ந்தால்தான் அளவாக இருக்கும். தாடையை அசைக்கும் தசைகளில் ஒன்று கண்ணுக்குப் பின்னால் போகிறது. தாடை வேகமாக அதிரும்போது கண்ணும் சேர்ந்து துள்ளும். பார்க்க விகாரமாகத்தான் இருக்கும், ஆனால் எலி வளர்ப்பவர்கள் அதைப் பார்க்கத் தவம் கிடப்பார்கள். பூனை குர்ரென்று உறுமுவதற்குச் சமம் அது. எங்கள் வீட்டு ராணி என்ற எலி, சாயங்காலம் நான் லோட்டஸ் எஃப்எம் போட்டுவிட்டு உட்கார்ந்தால் தோளில் ஏறிக் கழுத்துக்குழியில் படுத்துக்கொள்ளும். சத்தம் காதுக்குக் கேட்பதற்கு முன்னால், அந்த நறநறப்பு என் தோள்பட்டை எலும்பில் தெரியும். தையல் மெஷின் அடுத்த அறையில் ஓடுகிற மாதிரி ஒரு அதிர்வு.

ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதே ராணியைப் பெட்டியில் வைத்து வெட்டிடம் (கால்நடை மருத்துவரிடம்) கொண்டுபோனபோதும் பல்லைக் கடித்தாள். அது சந்தோஷம் இல்லை, பயம். நாம்கூடப் பரீட்சை ஹாலில் நகம் கடிப்போமே, அப்படி. உடம்பு மாவு மாதிரி தளர்ந்து, கண் பாதி மூடி, காது பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் சுகமாக இருக்கிறது. உடம்பு விறைத்து, முதுகு கூனி, கண் உருண்டு நின்றால் பயம் அல்லது வலி. சத்தத்தை மட்டும் வைத்து எலியைப் படிக்க முடியாது.

ஏன் என்றால், எலி பேசுவதில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டுவதே இல்லை. மனிதக் காது அதிகம் போனால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், வயதானால் அதுவும் குறையும். எலியின் பயக்குரல் சுமார் 22 கிலோஹெர்ட்ஸ், சந்தோஷக் குரல் 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டி. 1990களின் கடைசியில் அமெரிக்காவில் யாக் பாங்க்செப் என்ற ஆராய்ச்சியாளர், எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டியபோது இந்த 50 கிலோஹெர்ட்ஸ் குரல் மழையாய்க் கொட்டுவதைப் பதிவு செய்தார். கையை எடுத்தால் எலிகள் அந்தக் கையைத் துரத்திக்கொண்டு வந்தன. 2019இல் பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்குக் கண்ணாமூச்சி சொல்லிக் கொடுத்தார்கள். தேடும் முறை வந்தால் நிறையக் குரல் கொடுத்த அதே எலிகள், ஒளியும் முறை வந்தால் வாயை மூடிக்கொண்டன. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்ததில்லை, அலமாரிக்குள்ளிருந்து சிரித்தே மாட்டிக்கொள்வார்கள்.

அப்படியானால் நம் காதுக்குக் கேட்கும் கீச் எது? பெரும்பாலும் ஆட்சேபணை. ‘போதும் விடு’, ‘ஐயோ, காலை மிதிக்காதே’ என்கிற வகை. மிளகு உப்பை மல்லாத்திப் போட்டு வயிற்றை நக்கும்போது உப்பு கத்துவது அதுதான். இந்த வயதுக் குட்டிகளுக்கு இதுதான் கபடி. விளையாட்டா சண்டையா என்று பார்க்க, வாய் எங்கே போகிறது என்று கவனியுங்கள். விளையாட்டில் ஒன்று மற்றதன் பிடரியைக் குறி வைக்கும். நிஜச் சண்டையில் இடுப்புப் பக்கம், பின்பக்கம் கடி விழும். அப்புறம், விளையாட்டில் முறை மாறும், கீழே கிடந்தது எழுந்து துரத்தப் போகும். ஒன்றே எப்போதும் ஓடி ஒளிந்து, சாப்பிடவும் வராமல், உடம்பில் காயமும் இருந்தால்தான் பிரிக்க வேண்டும்.

மகளுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: முடி சிலிர்த்து நிற்கும் எலி. என் வலது ஆள்காட்டி விரலில் பிறை மாதிரி ஒரு தழும்பு உண்டு. அக்கா மகன் வீடு மாறும்போது தன் ஆண் எலியை என்னிடம் விட்டுப் போனான். இரண்டாம் நாள் அது உடம்பு முழுக்க முடி சிலிர்த்து இரட்டிப்பாகத் தெரிந்தது. பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்துகொண்டே ‘புஸ், புஸ்’ என்றது. பாவம், ஜூலைக் குளிர் என்று நினைத்துத் துண்டைப் போர்த்தப் போனேன். எலும்பு வரை இறங்கியது பல். அது என்னிடம் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் பாஷை தெரியவில்லை. அந்த நிலையில் வெறுங்கையை விடக் கூடாது. பத்து நிமிடம் தள்ளி நின்றால் தானாக அடங்கும். (அந்த ஆளுக்கு வெட் காயடித்துவிட்டார். ஒன்றரை மாதத்தில் மடியில் தூங்கினான்.)

காது நடுக்கத்துக்கு வருவோம். பருவமடைந்த பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை சூடு வரும், அதாவது ஆணோடு சேரும் வேளை. அப்போது காது ஈ மொய்க்கிற மாதிரி படபடக்கும், முதுகைத் தொட்டால் வாலைத் தூக்கி வளையும். ஒரே இரவுதான், மறுநாள் சரியாகிவிடும். ஆனால் கடைக்காரர் ‘இரண்டும் பெண்’ என்று சொன்னதை நீங்களும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் ஆண் என்றால் வாலடியில் விதைப்பை பளிச்சென்று தெரியும், சந்தேகத்துக்கே இடமில்லை. தப்பாக இருந்தால் இன்றே பிரியுங்கள், ஏனென்றால் எலிக்குக் கர்ப்பம் 21 முதல் 23 நாள்தான். ஒரு ஈற்றில் பத்துக் குட்டி சாதாரணம்.

மூக்கில் ரத்தம் என்றீர்களே, அதைப் பார்த்து நானும் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குக் கார் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். வெட் ஒரு ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டு, அவசரச் சிகிச்சைக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பினார். அது ரத்தமே இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் வரும் நீரில் போர்ஃபிரின் என்ற சிவப்புப் பொருள் கலந்திருக்கும். கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைக் காட்டினால் அது சிவப்பாக ஒளிரும், ரத்தம் ஒளிராது. நன்றாக இருக்கும் எலி முகம் கழுவும்போது அதைத் துடைத்துவிடும். மன அழுத்தமோ நோயோ இருந்தால் நிறையச் சுரந்து, கண்ணோரத்திலும் மூக்கிலும் காய்ந்து நிற்கும். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் இருந்து, தும்மலும் சேர்ந்தால், எலியைத் தூக்கிக் காதோரம் வைத்துக் கேளுங்கள். ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோ மாதிரி நெஞ்சில் கரகரத்தால் அன்றே வெட்டிடம் போக வேண்டும், வளர்ப்பு எலிகளைக் கொல்வதில் நெஞ்சுச் சளிக்கு முக்கிய இடம். எல்லா வெட்டும் எலி பார்ப்பதில்லை, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். கூண்டில் பைன் மரத்தூள் போட்டிருந்தால் எடுத்துவிட்டுக் காகிதத் துண்டு போடுங்கள். அந்த வாசனை மூச்சுக்கு ஆகாது.

சரி, இப்போது சாயங்காலக் கல். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அதுதான். எலி அந்தியில் விழித்துக்கொள்ளும் பிராணி. விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அதற்குப் பொழுது விடியும். உங்கள் வீட்டிலோ நேர்மாறாக, பகலில் கபடி ஆடிவிட்டு இருட்டினால் உறைந்து உட்காருகின்றன. எலி உறைந்தால் ஏதோ ஆபத்தை உணர்கிறது என்று அர்த்தம். கரண்ட் போன இரவில் மட்டும் குதித்தன என்கிறீர்கள். இருட்டு மற்ற இரவுகளிலும் உண்டே, படுத்த பிறகு விளக்கை அணைக்கத்தானே செய்கிறீர்கள்? அன்று கரண்டோடு சேர்ந்து நின்றுபோன இன்னொன்று, ப்ளக்கில் மாட்டிய அந்தக் கருவி.

அது வேலை செய்வதே நமக்குக் கேட்காத, எலிக்குக் கேட்கும் உச்சக் குரலில்தான். அந்த வகைச் சத்தம் சுவரைத் தாண்டாது, ஆனால் திறந்த வாசல் வழியாக வரும், உங்கள் லவுஞ்சும் சமையலறையும் ஒட்டித்தானே இருக்கின்றன. வெளி எலிக்குக் குழாயடியும் குப்பைத் தொட்டியும் இருக்கின்றன. பிடிக்காவிட்டால் ஓடிவிடும், நாலு நாளில் பழகிப்போய்த் திரும்பியும் வந்துவிடும். அதைத்தான் நீங்களே பார்த்தீர்கள். கூண்டில் இருப்பது எங்கே ஓடும்? ராத்திரி முழுக்க நாலடி தள்ளி ஒருவர் விடாமல் கத்திக்கொண்டிருந்தால் நாமும் மூலையில்தான் உட்காருவோம். மிளகின் மூக்குச் சிவப்புக்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

மூன்று இரவு அதைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டுப் பாருங்கள். அந்த மூன்று நாளும் கூண்டில் வேறு எதையும் மாற்றாதீர்கள், மரத்தூளைக்கூட அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், அப்போதுதான் எது காரணம் என்று தெரியும். வெளி எலிக்கு, சிங்க்குக்குக் கீழே குழாய் நுழையும் ஓட்டையில் இரும்பு நார் திணித்துச் சிமெண்ட் பூசுங்கள், அரிசியையும் மீலி மீல் என்ற மக்காச்சோள மாவையும் மூடிபோட்ட வாளியில் வையுங்கள். விஷம் மட்டும் வேண்டவே வேண்டாம், வளர்ப்பு எலி இருக்கும் வீட்டில் அது எந்த வழியில் கூண்டுக்கு வரும் என்று சொல்ல முடியாது.

இரண்டும் தேறிய பிறகு, மகள் ஒரு விரலால் மிளகின் பிடரியைக் கிச்சுகிச்சு மூட்டட்டும். இரண்டு நொடி, அப்புறம் கையை எடுத்துவிட வேண்டும். கை போன திசையில் மிளகு ஓடி வந்தால் அது சிரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நமக்குக் கேட்காவிட்டாலும்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். கடையில் திருப்பிக் கொடுக்கும் எலி இன்னொரு பிள்ளையின் கைக்குத்தான் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, பாம்பு வளர்ப்பவர்களும் எலி வாங்குகிறார்கள். மாதக் கடைசிக்குள் எதையாவது திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்த ப்ளக் கருவியைக் கொடுக்கட்டும். ரசீது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.